நூபி போய்வருகிற தூரம்

நஜ்உஸ் ஸந்த், கூஸ், எகிப்து
9 ஜனவரி 1986

கினாவி வாப்பாவுக்கு ஷௌகியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் எல்லாரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டுமாம். எழுதியாகிவிட்டது. இனி உள்ளதைச் சொல்கிறேன்.

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. உங்கள் அண்ணன் நம் பங்கையும் சேர்த்து வெட்டி ஆலைக்கு ஏற்றிவிட்டார். பொம்பளை ஒருத்தி வயலில் நிற்கிறாளே, அவளிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் சண்டை போடவில்லை. சண்டை போடத் தெம்பு வேண்டும். எருமைக்குப் புல் அறுக்க, ரொட்டி மாவை உப்புவதற்கு வெயிலில் வைக்க, வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் மண்வெட்டியோடு நிற்க என்று இருக்கிற தெம்பெல்லாம் போய்விடுகிறது.

இப்போது விஷயம் நூபியைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் தூங்குகிறான். வாத்தியார் பிரம்பால் தட்டி எழுப்பியிருக்கிறார். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. தூங்குகிற இரட்டைப் பிள்ளையை உலுக்கி எழுப்பலாமா? வெளியே போன உயிர் வந்து சேருமுன் உடம்பை எழுப்பினால் என்ன ஆகும்? முக்காட்டை இழுத்துக்கொண்டு நேரே போய்க் கேட்டேன். வாத்தியார் கெய்ரோக்காரர். அவருக்கு நம் ஊர் வழக்கம் எல்லாம் வேடிக்கை.

"ஏம்மா, ராத்திரி பூனையா போறான்னு சொல்றீங்க. பகல்லயுமா போறான்?" என்று சிரித்தார்.

"ராத்திரி போனது இன்னும் வந்து சேரலையோ என்னமோ. நீங்க மொதல்ல பிரம்பைக் கீழ வைங்க" என்றேன். வைத்துவிட்டார்.

இவன் பூனையாய்ப் போவது புதிதா? இந்த ஊரில் இரட்டைப் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் இப்படித்தான். பிறந்த ஏழாம் நாள், உயிர் வெளியே அலையாதிருக்க ஒட்டகப் பால் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கினாவி குடித்தான். அதனால் அவன் உயிர் ராத்திரியில் கட்டிலை விட்டு நகர்வதில்லை. நூபி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பக் கூடாது என்று நீங்களும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து விழிக்கட்டும், விழிக்கட்டும் என்று காத்திருந்தோம். அவன் விழித்தபோது அந்த வெயிலுக்குப் பால் திரிந்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கலாம் என்றீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

போன வருஷம் வரை உங்கள் அண்ணி நஃபூசாவின் பாலாடைக்கட்டிச் சட்டியைத் தாண்டி இவன் போனதில்லை. காலையில் எழுந்து, "பெரியம்மா வீட்ல நேத்து வெண்டைக்காய்" என்பான். நஃபூசா வந்து, "உம் புள்ள என் சட்டியில மூஞ்சிய வெக்கிறான், ஷௌகியா. அடிக்கவும் முடியல, பூனைக்குப் பட்டா புள்ளைக்குப் படுமேன்னு பொறுத்துட்டுப் போறேன்" என்பாள். சிரித்துக்கொள்வோம். இப்போது சட்டி பத்திரமாக இருக்கிறது. இவன்தான் பத்திரமாக இல்லை. உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். எழுந்ததும் தண்ணீர் குடிக்கிறான் பாருங்கள், எருமை தோற்றது.

எங்கேடா போனாய் என்று கேட்டேன். "வாப்பாகிட்ட. வாப்பா ஒட்டகத்துப் பக்கத்துல படுத்திருக்காங்க. சுத்திலும் மணலு" என்றான்.

நான் சிரித்தேன். உன் வாப்பா குளிர்சாதன அறையில் படுக்கிறார், கம்பெனி அதிகாரிக்குக் கார் ஓட்டுகிறார் என்றேன். பெரியவர்கள் பொய் சொல்லும்போது பிள்ளைகள் ஒரு பார்வை பார்க்குமே, அப்படிப் பார்த்தான்.

சும்மா கேட்கிறேன். அங்கே ஒட்டகம் ஏதும் உண்டா?

ஷௌகியா


ஹஃபர்
2 பிப்ரவரி 1986

ஷௌகியாவுக்கு பஷாரி எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

அண்ணன் கரும்பை ஏற்றியது பற்றி நான் அவருக்குத் தனியாக எழுதுகிறேன். நீ எதுவும் பேசிவிடாதே. உன் வாய்க்கு மருந்து கிடையாது.

ஒட்டகமாம், மணலாம்! இந்தச் சவூதியில் எங்கே திரும்பினாலும் மணல்தான், ஒட்டகம்தான். அதற்காக நான் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறேன் என்று ஆகிவிடுமா? இங்கே வேலை பார்க்கிற நமது கிராமத்து ஹிஃப்னி ஊருக்கு வந்திருப்பான். டீக்கடையில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததை அளந்திருப்பான். பிள்ளை அதைக் கேட்டுவிட்டு வந்து கனவு கண்டிருக்கிறான். அந்த ஹிஃப்னி என் கையில் கிடைக்கட்டும்.

கம்பெனி வேலை நல்லபடியாகப் போகிறது. அதிகாரி நல்ல மனுஷர். அறையில் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது. சில சமயம் குளிர் தாங்காமல் போர்த்திக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்.

அதுவும் போக, நீயே யோசி. கூஸ் எங்கே, ஹஃபர் எங்கே. நடுவில் ஒரு கடல் கிடக்கிறது. நைலைத் தாண்டத் தோணியில் ஏறினாலே வாந்தி எடுக்கிற பிள்ளை அவன். செங்கடலை எப்படித் தாண்டுவான்?

காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தடவு. இரவில் வயிறு நிறையச் சாப்பிட வைத்துப் படுக்கப் போடு. பசியோடு படுத்தால்தான் உயிர் வெளியே அலையும் என்று என் உம்மா சொல்வாள்.

அவன் எந்த நிறத்தில் போகிறான் என்று ஏதாவது சொன்னானா? ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளலாமே என்று கேட்டேன்.

பஷாரி


நஜ்உஸ் ஸந்த்
27 பிப்ரவரி 1986

கினாவி வாப்பாவுக்கு.

ஹிஃப்னி ஊர்ப்பக்கம் தலைகாட்டியே ஒன்றரை வருஷம் ஆகிறது. அவன் பெண்டாட்டி என்னைப் போலவே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இல்லாத ஆள் மேல் பழி போடாதீர்கள்.

நிறம் கேட்டீர்கள். சாம்பல் நிறம். முதுகில் கறுப்புக் கோடு. வலது காது நுனி கொஞ்சம் கிழிந்திருக்கும். நூபியின் காதில் அந்த இடத்தில் தழும்பு இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்ததில்லை, நீங்கள் போன பிறகு வந்தது. இந்த நிறத்தைப் படித்ததும் உங்கள் முகம் போன போக்கை இங்கிருந்தே நான் பார்க்கிறேன்.

இதையும் படியுங்கள். உங்கள் இடது கைப் பெருவிரலில் துணி சுற்றியிருக்கிறதாம். ஒட்டகம் கடித்ததாம். கூட ஒரு கறுப்பு மாமா இருக்கிறாராம், சாம்பலுக்குள் ரொட்டி சுடுவாராம். கூடாரத்தில் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறதாம். தினமும் விடிகாலையில் கறவை முடிந்ததும் நீங்கள் உட்கார்ந்து பூனையிடம் பேசுகிறீர்களாம். என்னடா பேசினாங்க என்றேன். அப்படியே உங்கள் குரலில் சொன்னான்.

"உன்னை உன் வீட்ல தேட மாட்டாங்களாடா? போ, நேரத்தோட போ. என்னை மாதிரி இருந்துடாத."

கையில் இருந்த மாவுத்தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒட்டகம் மேய்ப்பது ஒன்றும் கேவலமில்லை. நபிமாரெல்லாம் மேய்த்தவர்கள்தான். குளிர்சாதனப் பெட்டிதான் என்னைக் கொல்கிறது. நாலு வருஷமாக இந்த ஊர் முழுக்க அதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். கோடையில் இங்கே வியர்த்துக் கிடக்கும்போது, சரி, அவராவது குளிர்ச்சியாகப் படுத்திருக்கிறாரே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைத்ததாம். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா?

சரி, போகட்டும். எனக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது. பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். விலா எலும்பை எண்ணலாம். முன்பெல்லாம் விடிகாலைத் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது கண் விழிப்பான். இப்போது சூரியன் உச்சிக்கு வந்த பிறகுதான் விழிக்கிறான். அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டாமா? அதுவரை மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எழுப்பவும் முடியாது. கினாவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒருநாள் வராமலே போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

மலைப்பக்கம் அந்தப் பாலைவனத்து அபாப்தாக்காரர்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் கறவை ஒட்டகம் இருக்கிறது. நஃபூசாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பால் வாங்கி வரப்போகிறேன். ஏழாம் நாள் கொடுத்திருக்க வேண்டியதை ஏழாம் வயதில் கொடுக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஷௌகியா


ஹஃபர்
20 மார்ச் 1986

ஷௌகியாவுக்கு.

என் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை உன் கையெழுத்தில் படித்தேன். முதலாளி அபூ துர்கி வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் லாரியோடு வரும்போது கடிதம் கொண்டுவருவார். அவர் போகும்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்த பிறகு ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம், ஒட்டகம்தான். கார் ஓட்டத்தான் வந்தேன். உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்து இறங்கினேன். "காருக்கு ஆள் இருக்கு, ஒட்டகத்துக்குத்தான் ஆள் இல்ல" என்றார் அபூ துர்கி. கடவுச்சீட்டு அவர் பெட்டியில் போய்விட்டது. முதல் கடிதத்தில் எழுத வெட்கமாக இருந்தது. அடுத்ததில் எழுதலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீ குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாக எழுதிவிட்டாய். அப்புறம் எப்படி எழுதுவேன்?

அந்தப் பூனை வர ஆரம்பித்தது நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. இங்கே பக்கத்தில் வீடே கிடையாது, பூனை எங்கிருந்து வரும் என்று நானும் பாபிக்கரும் பேசிக்கொண்டோம். நூபி சொன்ன கறுப்பு மாமா அவன்தான், சூடான்காரன். கறக்கும்போது நுரை சிதறுகிற தூரத்தில் வந்து உட்காரும். பாலைத் தொடாது. பாபிக்கர் ஒருநாள் கிண்ணத்தை நீட்டிப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பால் வேணாங்குற பூனைய என் ஆயுசுல நான் பாத்ததில்லப்பா. இது பூனையே இல்ல" என்றான்.

எனக்கு அப்போதே நூபி ஞாபகம் வந்தது. அவனே கேட்டான், "உனக்கு வீட்ல இரட்டைப் புள்ளைங்களா?" என்று. ஆமாம் என்றேன். "எங்க பக்கம் மனுஷன் கழுதைப்புலியா மாறுவான். வந்தா ஆட்டைத் தூக்கிட்டுப் போகும். உங்க ஊரு பரவாயில்ல, பூனையோட நிக்குது" என்று சிரித்துவிட்டு, அன்றிலிருந்து அது வரும் திசையில் அடுப்புச் சாம்பலைக்கூடக் கொட்டுவதில்லை.

ஆக, எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னிடம் நிறம் கேட்டேன்.

இப்போது நான் கேட்கப்போவதைப் படித்துவிட்டு நீ திட்டுவாய். திட்டிக்கொள். பாலை இப்போது கொடுக்காதே. இந்த ரமலான் முடியும் வரையாவது பொறு. நாலு வருஷமாக ஒரு பிள்ளையின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. போட்டோவில் இருப்பது மூன்று வயதுப் பிள்ளைகள். இங்கே விடிகாலையில் அந்தக் கொஞ்ச நேரம் ஒருவன் என் எதிரே உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்கிறான். மீதி நேரமெல்லாம் நான் யாரோ. மூக்கணாங்கயிறு பிடிக்கிற ஒரு கை, அவ்வளவுதான். எனக்கு வேறு எதுவும் இல்லை, ஷௌகியா. நீ அவனை நன்றாகச் சாப்பிட வை. நான் அவனை இங்கிருந்து சீக்கிரம் விரட்டி அனுப்பிவிடுகிறேன். நேரத்தோடு வந்துவிடுவான்.

பஷாரி


நஜ்உஸ் ஸந்த்
11 ஏப்ரல் 1986

பஷாரிக்கு.

பெயர் சொல்லி எழுதிவிட்டேன் என்று பார்க்கிறீர்களா? உங்கள் உம்மா உயிரோடு இருந்தால் என் வாயில் அடித்திருப்பாள். எழுதத்தான் செய்வேன்.

பொறு என்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை உங்கள் பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தான். தொடையில் நாலு பல் பதிந்திருந்தது. பாயெல்லாம் ரத்தம். இந்த வீட்டில் என்னையும் கினாவியையும் தவிர யார் இருக்கிறார்கள்? யார் கடித்தது? கேட்டால், "வாப்பா முதலாளியோட நாய்" என்கிறான். ஒல்லியாய், வேகமாய் ஓடுமாம். வாப்பா கல் எடுத்து எறிந்தார்களாம், முதலாளி வாப்பாவைத் திட்டினாராம். நீங்கள் இதை எனக்கு எழுதுவீர்களா, இல்லை, இதற்கும் குளிர்சாதனப் பெட்டி என்று எழுதுவீர்களா?

மருத்துவமனையில் கம்பவுண்டர், "தெருநாயா?" என்று கேட்டார். சவூதி நாய் என்று எப்படிச் சொல்வேன்? ஆமாம் என்றேன். நாய்க்கடி ஊசி போடுகிறார்கள். வயிற்றில் போடுகிறார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் அவன் அழுகிறானோ இல்லையோ, கினாவி வெளியே நின்று அழுகிறான்.

நீங்கள் சொன்னபடி நான் பொறுக்கவில்லை. அதை மறைக்கவும் மாட்டேன். கடித்த அன்றைக்கே நஃபூசாவும் நானும் மலையடிவாரம் வரை நடந்துபோய் அபாப்தாக்காரியிடம் பால் வாங்கி வந்தோம். சூடு ஆறுவதற்குள் வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டான். மூக்கைப் பிடித்தேன். அப்போதும் திறக்கவில்லை. நஃபூசா தாடையைப் பிடித்தாள், நான் ஊற்றினேன், எல்லாவற்றையும் என் முகத்தில் துப்பினான். ஏழு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

"குடிச்சா வாப்பாவைப் பாக்க முடியாது. வாப்பா தனியா இருக்காங்க, உம்மா. பேசுறதுக்கு ஆளில்ல" என்றான்.

எனக்கும்தான் பேச ஆளில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? அவன் எதிரில் அழக் கூடாது என்று மாட்டுக்கொட்டிலுக்குப் போய் அழுதேன். எருமை பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் மூன்று தடவை முயன்றுவிட்டேன். ரொட்டியில் குழைத்துப் பார்த்தேன், கரும்புப் பாகில் கலந்து பார்த்தேன். மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறான். பூனை மூக்கு. கினாவி தன் காலையும் அவன் காலையும் சேர்த்துக் கயிறு கட்டிக்கொண்டு படுக்கிறான். "நான் பிடிச்சிக்கிறேன் உம்மா, போக விடமாட்டேன்" என்கிறான், பாவம். கயிற்றுக்கா அது நிற்கும்?

உங்களுக்கு அவன் ஒருவன்தான் மிச்சம் என்று எழுதினீர்கள். படித்துவிட்டு உங்கள் மேல் இரக்கப்பட்டேன். மறுநாள் காலையில் அவன் மூக்கில் கை வைத்தபோது அந்த இரக்கம் போய்விட்டது. அடுத்த தடவை அந்த நாய் கழுத்தைப் பிடித்தால்? அங்கே நீங்கள் ஒரு பூனையைப் புதைப்பீர்கள். இங்கே நான் யாரைப் புதைப்பேன்?

என் பேச்சுக்குக் குடிக்க மாட்டான். உங்கள் பேச்சுக்குத்தான் குடிப்பான். நீங்கள் சொல்லுங்கள்.

ஷௌகியா


ஹஃபர்
5 மே 1986

ஷௌகியாவுக்கு.

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாய் கடித்ததை நான் எழுதாததற்கு நீ என்ன திட்டினாலும் தகும். கடித்தது பூனையை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாளும் அது நொண்டிக்கொண்டு வந்தது. அப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். வயிற்றில் ஊசி என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை விடிகாலை பூனை வருவதற்கு முன்பாகவே எழுந்து, ஈன்று இரண்டு மாதமான ஒட்டகத்தைக் கறந்தேன். கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறிவிடுமோ என்று பயமாக இருந்தது. கடிபட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான்.

"நூபி" என்றேன். இதுவரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காது இரண்டும் என் பக்கம் திரும்பின.

"உங்க உம்மா கடிதாசி போட்டிருக்கா. குடிக்க மாட்டேங்கிறியாமே?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபம் வந்தால் நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாயே, அதே திருப்பம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க பாரு. வாப்பா உனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. சொல்றதுக்கு நான் பக்கத்துலயே இருந்ததில்ல. இது ஒண்ணுதான் சொல்றேன். குடிச்சிடு, தங்கம்."

அசையவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். வாப்பாவுக்குப் பேச பாபிக்கர் மாமா இருக்கிறார் என்றேன். பாபிக்கர் அங்கிருந்தே, "ஆமாண்டா, வாய் ஓயாம பேசுவோம்" என்றான். மூன்று நாளைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன் அவன். வாப்பாவுக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்றேன். அதை அவன் நம்பவில்லை. உங்க உம்மா தினமும் காலையில் உன் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறாள், அவள் முகத்தைப் பார்த்திருக்கியா, அந்த நேரம் நீதான் வீட்டில் இருக்கிறதே இல்லையே என்றேன். அப்போதுதான் திரும்பினான்.

எழுந்து வந்தான். முகர்ந்தான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவேன், ஷௌகியா, எனக்கு எழுதத் தெரியாது. கிண்ணத்தைப் பின்னால் இழுத்துவிடலாமா என்று கை போனது. சத்தியமாகப் போனது. இழுக்கவில்லை. குனிந்து குடித்தான். மெதுவாக, கடைசிச் சொட்டு வரை.

அதுவரை ஒருநாளும் மடியில் ஏறாதவன் ஏறிப் படுத்துக்கொண்டான். இவ்வளவு இலேசாகவா இருப்பான்? கடித்த இடத்தைத் தொடாமல் முதுகைத் தடவினேன். வெளிச்சம் வந்ததும் இறங்கினான். மேற்கே பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைதானே, வயிறு நிறைந்துவிட்டது, போகிறான்.

"போயிட்டானா?" என்று பாபிக்கர் கேட்டான். போயிட்டான் என்றேன். அன்றைக்கு என் பங்கு ஒட்டகங்களையும் அவனே மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. இனி வரமாட்டான் என்று தெரியும். ஆனாலும் கறந்து முடித்ததும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுகிறேன். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அங்கே அவன் எழுந்தானா? உடனே எழுது. அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

பஷாரி


நஜ்உஸ் ஸந்த்
29 மே 1986

கினாவி வாப்பாவுக்கு ஷௌகியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுந்தான். முதலில் அதைப் படித்துக்கொள்ளுங்கள், சோறு இறங்கட்டும். நோன்பு காலம், நோன்பு திறக்கும்போது இறங்கட்டும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை, பால்தான் பிடித்து இழுத்ததோ என்னமோ, பாங்கு சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்தான். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "உம்மா, பசிக்குது" என்றான். திரும்பிப் பார்த்தால் வாயோரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஒட்டகப் பால் வாசனை. மாவுக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டேன். "விடு உம்மா, மாவு ஒட்டுது" என்று தள்ளினான். ரொட்டி மூன்று தின்றான். கினாவி காலில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "நான்தான் பிடிச்சி வெச்சேன்" என்றான். ஆமாண்டா, நீதான் என்றேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

தொடைக் காயம் ஆறிவிட்டது. ஊசியும் முடிந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தூங்குவதில்லை, இப்போது சண்டை போடுகிறான் என்று புகார் வருகிறது. நஃபூசா நோன்பு திறக்கப் பாலாடைக்கட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, "திருடன் இல்லாம என் வீடே வெறிச்சோடிப் போச்சுடி" என்றாள். உங்களுக்கு ஆயிரம் நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் கிண்ணத்தை இழுக்கவில்லை. இழுத்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாள் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். மறைத்து மறைத்து நாம் கண்டது போதும் என்று இப்போது எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை இருவருக்கும் படித்துக் காட்டினேன். பால் குடித்த இடம் வந்ததும் நூபியைப் பார்த்தேன். கினாவியைப் போலவே அவனும் வாயைப் பிளந்துகொண்டு கதை கேட்கிறான். "அப்புறம் அந்தப் பூனை எங்க போச்சு?" என்று கேட்டான். நீதாண்டா அது என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தான். கறுப்பு மாமா சாம்பலில் ரொட்டி சுடுவாரே என்றேன். யாரு என்றான். கிழிந்த கூடாரம், ஒட்டகம் கடித்த விரல், எதைச் சொன்னாலும் விழிக்கிறான். பால் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. பிறகு அவனாகவே கேட்டான்.

"உம்மா, வாப்பா எப்படி இருப்பாங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உயரம், மீசை, சிரித்தால் ஒரு பக்கம் பல் தெரியும் என்றேன். நாலு வருஷத்துக்கு முந்தைய ஆளைத்தான் சொன்னேன். நரைத்துவிட்டதா, இளைத்துவிட்டீர்களா, ஒன்றும் தெரியாது. அவனிடம் முன்பே கேட்டு வைத்திருக்கலாம். அவனுக்குத் தெரிந்திருந்தது. நம் வீட்டில் உங்கள் இப்போதைய முகத்தைத் தெரிந்திருந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது எங்கள் மூவருக்குமே தெரியாது.

அபூ துர்கியிடம் கடவுச்சீட்டைக் கேளுங்கள். கொடுக்கமாட்டார். மறுபடியும் கேளுங்கள். தண்ணீர் லாரி வரும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேளுங்கள். காசு சேரவில்லை, வெறுங்கையோடு எப்படி வருவேன் என்று எழுதாதீர்கள். ஊர் சிரிக்குமே என்றும் எழுதாதீர்கள். சிரிக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிட்டது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

இனி இங்கிருந்து உங்களைப் பார்க்க யாரும் வரமுடியாது. நீங்கள்தான் வரவேண்டும்.

ஷௌகியா